நாலு குஞ்சுகள் போட்ட லேபிள்

என் அலமாரியில் ஒரு பட்டாசு லேபிள் இருக்கிறது. உள்ளங்கை அகலத் தாள். வெள்ளைக் கழுத்தும் கறுப்பு உச்சியுமாக ஒரு கானமயில், தோகை இல்லாத, தரையில் மேயும் பெரிய பறவை. காலடியில் நாலு குஞ்சுகள். அறுபதுகளில், சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் ஓவியனாக இருந்தபோது நான் வரைந்தது. அன்றைக்குப் பலரும் மெச்சினார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சித்தப்பா நினைவுதான் வரும்.

சித்தப்பாவுக்கு ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல் புஞ்சை. சிடுமூஞ்சி மனிதர், பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் கொஞ்சி நான் பார்த்ததில்லை. இந்த லேபிள் வரைந்த வருஷம் ஆடியில் உழும்போது, ஏருக்கு நாலு எட்டு முன்னால் வெறுந்தரையில் கானமயில் ஒன்று அடைகாத்துக் கிடந்திருக்கிறது. மாட்டைத் திருப்பிவிட்டார். சுற்றிலும் பெரிய வட்டமாக உழாமல் விட்டார். முன்பு ஏழெட்டுச் சேர்ந்து மேய்ந்த பறவை. கறிக்கு வலை வைத்தே தீர்த்திருந்தார்கள். அந்த வருஷம் கண்ணில் பட்டது ஒரே சோடி.

"ஒத்த முட்டைதாம்லே இடும். அது வீணாச்சுன்னா அம்புட்டுத்தான். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றார் என்னிடம்.

விட்டேன். புதுச் சரவெடிக்குப் படம் கேட்டு வந்த கம்பெனி முதலாளியிடம், யாரும் போடாத பறவை எங்கள் புஞ்சையில் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். மனிதர் அன்றே வந்து, தூரத்தில் நின்று பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். வெடிக்குக் கானமயில் என்றே பெயரும் வைத்துவிட்டார். சாமி பெயர் வைத்த வெடி என்றால் முதல் சரத்தை அந்தச் சாமியின் கோயில் வாசலில்தான் கொளுத்துவார். அது அவர் வழக்கம்.

"பேருக்கு உடையவ இங்கனயே இருக்கா. இவ முன்னால கொளுத்துனா சீசன் ஓகோன்னு ஓடும்" என்றார்.

கெட்ட எண்ணமே கிடையாது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன்.

சித்தப்பா இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, வரப்பில் வைத்துச் சரத்தைக் கொளுத்தினார்கள். பறவை எழும்பி மேற்கே போனது. அவர் வந்து சேருவதற்குள் முட்டையைக் காக்கை உடைத்துவிட்டது. பறந்தது வரும் வரும் என்று மூன்று நாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

முதலாளிக்கும் மனசு கேட்கவில்லை. "படத்துலயாவது குஞ்சும் குட்டியுமா இருக்கட்டும். நாலு குஞ்சு போடுங்க" என்றார். போட்டேன். அச்சானதும், ஆறுதலாக இருக்குமென்று, அறிவுகெட்டவன், அதைச் சித்தப்பாவிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

குஞ்சுகளை எண்ணிப் பார்த்தார். "நாலா? அது கேட்டது ஒண்ணுதாம்லே" என்றார்.

அந்த இடத்தைச் சாகும்வரை அவர் உழவில்லை. கானமயிலும் எங்கள் பக்கம் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அங்கே பட்டாசுக் கொட்டகைகள்.

நேற்றுப் பேத்தி லேபிளை எடுத்துப் பார்த்தாள். "இம்புட்டுக் குஞ்சு பொரிக்குமா தாத்தா?"

"இல்லம்மா. ஒண்ணே ஒண்ணுதான். மத்தது தாத்தா சும்மா போட்டது."

அவள் குஞ்சுகள்மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்தாள். "அப்ப இதுல நெசக் குஞ்சு எது?"