எதிர்வீட்டில் மாட்டிய ஆறு

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், மலாக்காவில், தன் நாட்டுக்குக் கப்பலேற இருந்த ஒரு துரையின் சாமான்களைக் கட்டும் கூலி வேலைக்குப் போனேன். அந்த வீட்டுச் சமையல்காரர் மெலிந்த ஆள். காதில் எப்போதும் ஒரு பீடி இருக்கும். விரும்பியதை எடுத்துக்கொள்ளும்படி துரை சொன்னதும், சைக்கிளையும் ரேடியோவையும் தாண்டிப் போய், சாப்பாட்டறைச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். நீலமும் சாம்பலுமாகச் சாயம் அப்பியிருந்தது.

"என்னண்ணே, சைக்கிள விட்டுட்டு இந்தச் சேத்தத் தூக்குறீங்க?"

"குசினி வாசல்ல நின்னு பாருடா."

சமையலறை வாசலிலிருந்து பார்த்தால் பட்டணத்து ஆறு, மேலே பாலம், பாலத்தில் குடைபிடித்துப் போகும் கூட்டம். தண்ணீர் நகர்வதுபோல் இருந்தது. பதினோரு வருஷமாக, ஒவ்வொரு வேளையும் துரை சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த வாசலில் நின்றவர் அவர்.

ஒரு மாதம் கழித்து, படுக்க இடம் கேட்டு, காஜா பேராங் தெருவில் அவர் அறைக்குப் போனேன். கட்டில் போக நடக்க இடமில்லை. படத்தைக் காணோம்.

"வித்துட்டீங்களா?"

"இங்க மாட்டினா வெறும் சாயந்தான்டா தெரியுது." சன்னலுக்கு வெளியே கை காட்டினார். சந்துக்கு அப்பால், எதிர்வீட்டுக் கூடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வீட்டுக்காரங்க பாக்குறாங்களா?"

"மலாக்காச் செட்டி வீட்டு அம்மா. தமிழ் தெரியாது. மலாய்ல, 'இது என்னா, புகையா?'ன்னு கேக்குது. வாசக் கதவ மட்டும் தொறந்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

மழை வந்தது. அந்த அம்மா கதவைச் சாத்தினார். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, சாத்திய கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.