ஜிம்மியின் கம்பளிக் கோட்டு

காரில் பின்னால் துரைசாணி, எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி. முன்னால் டிரைவர். அவர் பக்கத்தில் அம்மா. அம்மாவின் மடியில் துரைசாணியின் சடைநாய் ஜிம்மி. காலடியில் நான், எட்டு வயது. ஜிம்மியின் கோட்டிலிருந்து பனியில் நனைந்த கம்பளி வாடை வந்துகொண்டே இருந்தது.

தெல்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சித்திரையிலும் விடியற்காலையில் வாயிலிருந்து புகை வரும். அந்தக் குளிருக்காகத் துரைசாணி தன் கையால் தைத்த கோட்டு அது. போன மாதம் பனிக்குள் அதைக் கழற்றிவிட்ட பங்களா வேலையாளுக்குப் "பத்துச்சீட்டு" கொடுத்துவிட்டார்கள். வேலையும் போயிற்று, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று. அம்மா பங்களாவில் ஆயா. எனக்கு அப்பா இல்லை. அன்று விடியவும் துரைசாணி சொன்னாள், "கோட்டு கழட்டாதே."

கண்டியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த பல் வைத்தியரிடம் போனாள். அரை மணியில் வருவதாகச் சொன்னவள் உச்சி தாண்டியும் வரவில்லை. ரோடு கொதித்தது. ஜிம்மி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. கடைக்கார முஸ்லிம் நானா, நாங்கள் இறங்கி உட்காரப் பெஞ்சியை நிழலுக்கு இழுத்துப் போட்டார். சிரட்டையில் தண்ணீர் வைத்தார்.

"என்ன தங்கச்சி, நாய்க்குக் கல்யாணமா? இந்த வெயில்ல கோட்டுப் போட்டு ஈக்கிறீங்க. கழட்டுங்க."

"தொரசாணி ஏசுவாங்க நானா."

டிரைவர் சிரித்தார். "கழட்டுங்க அக்கா. மூட்டையையும் இப்பவே கட்டிக்கங்க."

"மேலே தண்ணியாச்சும் ஊத்துங்களேன்" என்றார் நானா.

"கம்பளி சுருங்கிப் போயிரும்."

அம்மா முந்தானையால் விசிறினாள். கை மாற்றி மாற்றி விசிறினாள். கோட்டுக்கு மேலே.

ஜிம்மியின் நாக்கு கருஞ்சிவப்பாயிற்று. சிரட்டையில் வாய் வைத்தது, குடிக்கவில்லை. எழுந்து நின்றது; பின்னங்கால் மடங்கியது. டிரைவர் சிரிப்பை விட்டு, துரைசாணியைக் கூப்பிட ஓடினார். அவர் திரும்புவதற்குள் இரைப்பு நின்றுவிட்டது.

துரைசாணி கன்னத்தில் துணியை அழுத்திக்கொண்டு வந்தாள். பார்த்தாள்.

"ஏன் கழட்டலே?"

"கழட்டாதேன்னு சொன்னீங்க, தொரசாணி."

"வெயில்லேயுமா?"



அம்மாவுக்குப் பத்துச்சீட்டு வரவில்லை. ஒரு ஏச்சுக்கூட வரவில்லை. எதற்குப் பயந்து அவ்வளவு நேரம் விசிறினாளோ, அது வரவே இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அதுதான் நெஞ்சில் இடிக்கிறது.

இப்போது துரைமார் இல்லை. கடை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அம்மாவும் போய்விட்டாள். எங்கள் வீட்டு நாய் வெயிலில் இரைத்தால் நான் யாரையும் கேட்பதில்லை. நிழலுக்கு இழுத்துப்போய் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

அன்று ஜிம்மியைப் புதைப்பதற்கு முன்னால் அம்மாதான் கோட்டைக் கழற்றினாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். பொத்தான் மூன்றுதான்.