இருமித் திருத்திய ஆசிரியர்

சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இவர் பேசக்கூட மாட்டார், இருமுவார்.

பம்பாயிலிருந்து அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு வந்த யூத இன்ஜினியர். ஒல்லி, தலையில் சின்னக் குல்லா. தம் யூத சமூகத்தாருக்காக ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, என் அச்சகத்தில் அடித்தார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். பேனாவைத் தொடக்கூடாது, பிறரை வேலை ஏவவும் கூடாது.

ஒருமுறை கல்யாணப் பத்திரிகை வேலையில் நான் தாமதித்துவிட்டேன். பண்டிகை இதழ் சனிக்கிழமை சாயங்கால ரயிலைப் பிடித்தாக வேண்டும். காலையிலேயே நடந்து வந்தவர், புரூஃபில் தப்பு வந்த இடத்தில் இருமினார்.

"தப்புன்னா வாயத் தொறந்து சொல்லுங்க சார்!"

"இன்னிக்கி சொல்லக் கூடாதுங்க. இருமலாம்."

பீடியைப் பற்றவைத்துத் திட்டிக்கொண்டே, இருமிய இடமெல்லாம் திருத்தினேன். கடைசியில், ஆசிரியர் என்று அவர் பெயர் இருந்த வரியில் பலமாக இருமினார். பிழை எதுவும் தெரியவில்லை. வரியையே பிடுங்கிவிட்டேன். இதழ் ரயிலேறியது.

திங்கட்கிழமை வந்தார். "எம் பேரு எங்கங்க?"

"நீங்கதான சார் இருமுனீங்க?"

"அது ஒங்க பீடிப் புகைங்க!" விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த இதழில் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். புரூஃப் பார்க்க வந்தது புதன்கிழமை, கையில் பேனாவும் இருந்தது. அந்த வரிக்கு வந்ததும் என்னைக் குறும்பாகப் பார்த்து மறுபடி இருமினார்.

அன்று நான் பீடியே பிடிக்கவில்லை.