பட்டியலில் இல்லாத பாட்டு

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். சபாயே ஊரில் ஒரு மூக்குக்கண்ணாடி ஃபிரேம் பட்டறையில் இருபது வருடமாக மெருகேற்றும் வேலை செய்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எதிலும் எனக்கு அக்கறை கிடையாது. ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. அறை வாடகைக்கு எடுத்து மைக்கில் பாடுகிற அந்தக் கரோக்கிக் கடையின் ரசீது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. செப்டம்பர் 22, சனிக்கிழமை, நுழைந்த நேரம் மதியம் 2.07, அறை எண் 12, ஆட்கள் இரண்டு.

அந்த இரண்டு பேர் நானும் என் தங்கை சிஹோவும்.

சிஹோ மழலையர் பள்ளி ஆசிரியை. கை கழுவ ஒரு பாட்டு, செருப்பு மாட்ட ஒரு பாட்டு என்று நாள் முழுக்கப் பாடியே பிழைக்கிறவள். அவள் கழுத்தில் ஒரு கட்டி. அடுத்த வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. குரல்நாணை ஆட்டுகிற நரம்புக்குப் பக்கத்திலேயே கட்டி ஒட்டியிருக்கிறது, பத்தில் ஒருவருக்குக் குரல் திரும்பாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பஸ்ஸில் வரும்போது சொன்னாள்.

"வியாழக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பாடித் தீர்த்துடறேன் அண்ணா."

அது எங்கள் ஊரில் எல்லாரும் முன்னோர் கல்லறைக்குப் போகிற வாரம். காலையில் குடும்பக் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்தோம். என் சட்டையில் அந்தப் புகை வாசனை போகவே இல்லை.

சிஹோ ஒரு தாளில் பதினேழு பாட்டு எழுதி வைத்திருந்தாள். மிஷினில் பாட்டுகளை வரிசை போடுகிற பொத்தான் பலகையை என் மடியில் வைத்து, பாடத் தெரியாதவன் பொத்தானையாவது அழுத்து என்றாள். அந்தப் பதினேழைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாளாம். எங்கள் ஊரில் பாட்டுக்கும் பருவம் உண்டு. செப்டம்பர் பிறந்துவிட்டால் கடல் பாட்டு கூடாது. செர்ரிப் பூப் பாட்டு வசந்தத்துக்கு. பனிப் பாட்டுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்திவானம், தும்பி, காதல் தோல்வி. இலை சிவக்க ஆரம்பித்தாலே எங்கள் பாடகர்கள் அத்தனை பேரும் காதலில் தோற்றுவிடுகிறார்கள் என்றேன். வாயை மூடிக்கொண்டு அழுத்து என்றாள்.

பாடுகிறவர்களுக்கு மிஷின் போடுகிற மதிப்பெண் பட்டியலில் தன் பெயரை 'சிஹோ டீச்சர்' என்று பதிந்தாள். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் மெலன் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் திரும்புவாள்.

"அண்ணா, அடுத்தது எது?"

மணி 2.48க்குள் ஆறு பாட்டு முடிந்தது. அவள் குரல் அன்றைக்கு இருந்த மாதிரி என்றும் இருந்ததில்லை. நான் கைதட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தேன்.

2.51. ஏழாவது பாட்டு வந்தது. நான் அழுத்திய பாட்டு அல்ல.

பழைய, மெதுவான பாட்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரேடியோவில் வந்தது. தாளைப் பார்த்தேன்... இல்லை. யாரோ முன்னே வந்தவர்கள் பதிந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நிறுத்துகிற பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். சிஹோ என் கையைத் தட்டிவிட்டாள்.

இதை நான் சொல்லியாக வேண்டும். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடுத்தவர் பாட்டை நடுவில் வெட்டக் கூடாது. ஒருவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் அவர் பாட்டு வந்துவிட்டால், அறையில் இருக்கிற யாராவது அவருக்குப் பதிலாகப் பாடுவார்கள். அவர் திரும்பி வந்து, அவர்களுக்குப் பதிலாக ஒன்று பாடுவார்.

சிஹோ மைக்கை எடுத்தாள். எதிரே இருந்த காலி இருக்கையைப் பார்த்து, விளையாட்டாகத் தலைகுனிந்து வணங்கினாள்.

"உங்களுக்குப் பதிலா நான் பாடறேன். வந்ததும் எனக்குப் பதிலா நீங்க பாடுங்க."

நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன்.

அவளுக்குப் பல்லவி மட்டும்தான் தெரியும். சரணம் வந்ததும் மைக்கை மடியில் வைத்துவிட்டுச் சோடாவை உறிஞ்சினாள். திரையின் மேல்பக்கம் சுரத்துக்குச் சுரம் சின்னக் கட்டங்கள் ஓடும். சரியாகப் பாடினால் கட்டம் மஞ்சளாக நிறையும்.

சரணத்தில் யாரும் பாடவில்லை.

கட்டங்கள் நிறைந்துகொண்டே போயின.

மிஷின் கெட்டுவிட்டது என்றேன். மதிப்பெண் 98.214. சிஹோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தேன். கூடையில் இன்னொரு மைக் இருந்தது. நாங்கள் அதைத் தொடவே இல்லை. மேலே போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உறைக்கு உள்பக்கம் ஈரம் படிந்திருந்தது... மூச்சுக் காற்று பட்டது போல.

2.57. அடுத்து சிஹோவின் பாட்டு, தாளில் ஏழாவதாக இருந்த தும்பிப் பாட்டு. நான் அழுத்தியதுதான். சிஹோ எழுந்து நின்றாள். முதல் வரி அழகாக வந்தது.

ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்னால் வந்தது.

அரை நொடிதான். ஸ்பீக்கரில் குரல் முந்தியது, உதடு பின்னால் போனது. அவள் புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். பாடுவதை நிறுத்தினாள்.

குரல் நிற்கவில்லை.

சிஹோவின் குரல். அவள் வரி முடிவில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சுவாள்... அதுவும் இருந்தது.

பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி. சுவரில் இருந்த போனை எடுத்தேன். முன்மேசைப் பெண் எடுத்தாள். பாட்டை நிறுத்துங்கள் என்று கத்தினேன்.

"எதுக்கு சார் நிறுத்தணும்? கீழ வரைக்கும் கேக்குது, அருமையாப் பாடறாங்க."

மிஷினின் வயரைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்தது.

திரை அணைந்தது.

இசை நின்றது.

குரல் மட்டும் பாடியது.

சிஹோ இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கட்டிப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டு முடியும் வரை அப்படியே நின்றோம்.

3.02. முடிந்தது.

"அண்ணா... போயிடலாம்," என்றாள். அவள் குரல்தான். அவள் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கு உயிர் வந்தது. கீழே இறங்கி வந்தபோது, இன்னும் பத்து பாட்டு வரிசையில் இருக்கிறதே, அதற்குள் கிளம்பிவிட்டீர்களே என்றாள் முன்மேசைப் பெண். நான் ரசீதைப் பிடுங்கிக்கொண்டு சிஹோவை இழுத்து வந்துவிட்டேன். நாங்கள் தாளில் எழுதியதில் பத்து மிச்சம் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பத்தில் ஒன்றைக்கூட நான் இன்னும் பலகையில் அழுத்தியிருக்கவே இல்லை.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது, நரம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்றார் டாக்டர். ஆனால் சிஹோ வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு வாரம், ஒரு மாதம்... காற்றுதான். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக ஆடுகிறது, எனக்கே புரியவில்லை என்றார். பள்ளியில் விடுப்பு போட்டாள். பிள்ளைகள் படம் வரைந்து அனுப்பினார்கள். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்குக் கீழே முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். நான் கஞ்சி வைத்துக் கொடுப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிசம்பர் 1, சனிக்கிழமை. சிஹோ ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். அந்தக் கடைக்குப் போக வேண்டும். நான் மாட்டேன் என்றேன். அவள் சால்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

முன்மேசையில் அதே பெண். பன்னிரண்டாம் அறையைக் கேட்டேன். அந்த அறை இப்போது இல்லை என்றாள். செப்டம்பர் 24 முதல் பூட்டிக் கிடக்கிறதாம். வயர் பிய்ந்த மிஷினை அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்களாம். அதைப் பிய்த்தவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆனா உங்க தங்கச்சி விடாம வர்றாங்களே சார்," என்றாள்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கடையின் மதிப்பெண் பட்டியல். 'சிஹோ டீச்சர்.' செப்டம்பர் 29இல் தொடங்கி, சனிக்கிழமைக்கு ஒரு பாட்டு. தாளில் எழுதியிருந்த அதே வரிசை. எல்லாம் அறை 12. எல்லாம் 100.000.

மொத்தம் ஒன்பது பாட்டு. எங்களுக்கு மிச்சம் இருந்தது பத்து.

சிஹோ படியேறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

மேலே தாழ்வாரம் இருட்டாக இருந்தது. பன்னிரண்டாம் அறைக் கதவில் பூட்டு. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே வெறும் தரை. மேசை இல்லை, இருக்கை இல்லை.

உள்ளே பாடிக்கொண்டிருந்தது.

அது பத்தாவது பாட்டு இல்லை. தாளிலேயே இல்லாத பாட்டு. எந்த மிஷினிலும் இல்லாத பாட்டு. கை கழுவுவதற்காகச் சிஹோவே பிள்ளைகளுக்குக் கட்டிய பாட்டு.

சிஹோ கதவில் கை வைத்துக் கேட்டாள். கண்ணீர் வழிந்தது. பாட்டு முடிந்ததும் மெல்லக் கைதட்டினாள். யார் பாடினாலும் தட்டுவது எங்கள் வழக்கம்.

மணி 2.51.

உள்ளே எதையோ உறிஞ்சிக் குடிக்கிற சத்தம்...

பிறகு என் தங்கையின் குரல், கதவுக்கு மிகப் பக்கத்தில்.

"அண்ணா, அடுத்தது எது?"

சிஹோவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது.