சத்தம் வராமல் குதிப்பது

போன வாரம் அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்ற விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, கடையில் கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னாள். "உன் சித்திக்குச் சக்கரை ஏறிப்போச்சாம்டி. வூட்லயே எதனா எக்சர்சைஸ் பண்ணச் சொல்லிட்டாராம் டாக்டரு. நீ போனைப் பாத்துகினு குதிப்பியே இருவது நிமிசம், அந்த வீடியோவ அவளுக்கு அனுப்பி வுடு. பாவம், படி ஏறினாலே மூச்சு வாங்குறா."

"சித்திக்கா? சித்திக்கு நான் அனுப்பணுமா?" என்றேன்.

"ஏன், அனுப்புனா உன் கை தேஞ்சிடுமா?" என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே மறந்துவிட்டதா, மறந்தது போல இருக்கப் பழகிவிட்டாளா, எனக்குப் பிடிபடவே இல்லை. சண்டை போடலாம் என்றுதான் வாயெடுத்தேன். அதற்குள் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். எங்கள் அம்மாவுக்குக் குக்கர் எப்போதும் சரியான நேரத்தில்தான் விசில் அடிக்கும். வீடியோவை நான் இன்னும் அனுப்பவில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. நெய்வேலி டவுன்ஷிப்பில் மாடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. எங்கள் வீட்டில் யாரும் கிழமை பார்த்து வாழவில்லை, ஷிப்ட் பார்த்துத்தான் வாழ்ந்தோம். நைட் ஷிப்ட் வாரம் என்றால் அப்பா காலையில் வந்து படுத்துப் பகலெல்லாம் தூங்குவார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு கிடையாது, சைகைதான். டிவி ஓடும், ஆனால் ஊமையாக ஓடும். தும்மல் வந்தால்கூட வராண்டாவுக்கு ஓட வேண்டும்.

அந்த வீட்டுக்குத்தான் அம்மாவின் தங்கை வந்து சேர்ந்தாள். அம்மாவின் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில் தாத்தா இறந்துபோன பிறகு சித்தியைக் கரையேற்றும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஏதோ அவள் தண்ணீரில் விழுந்து தத்தளித்துக்கொண்டிருந்த மாதிரி! அவள் தத்தளிக்கவெல்லாம் இல்லை. டிகிரி முடித்திருந்தாள், போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். கல்யாணம் ஆகும்வரை பொழுது போகட்டும் என்று அப்பாவும் விட்டிருந்தார். அவள் மட்டும் அதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. பரீட்சையில் தேறினால் அடுத்தது கடலூர் மைதானத்தில் உடல் தகுதித் தேர்வு, அதில் ஓட வேண்டும், தாண்ட வேண்டும், குண்டு எறிய வேண்டும் என்று எனக்குக் கதை கதையாகச் சொல்வாள்.

அந்த நேரத்தில்தான் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் டவுன்ஷிப்தான், பர்மனென்ட் வேலை. மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு வாழைக்காய் பஜ்ஜியை ஒன்று விடாமல் தீர்த்துவிட்டு, விரலைத் துடைத்தபடி சொன்னாள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதுங்க. என்னா, கொஞ்சம் தாட்டியா இருக்குது. ரெண்டு மூணு மாசத்துல இளைச்சிட்டா எங்க புள்ளைக்குப் பொருத்தமா இருக்கும்." சொன்னவளின் சுற்றளவைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

சித்தி, டவுன்ஷிப் கிரவுண்டில் விடியற்காலை ஓடட்டுமா என்று கேட்டாள். அப்பா பதறிப்போனார். மாப்பிள்ளை வீட்டார் நாலு தெரு தள்ளி இருக்கும்போது பெண் ரோட்டில் ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஆனாலும் இளைத்தாக வேண்டுமே. அதனால் அவரே மந்தாரக்குப்பம் போய், அங்கே ஒரு செல்போன் கடையில் பழைய போன் ஒன்றின் மெமரி கார்டில் உடற்பயிற்சி வீடியோ ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். "வீட்டுக்குள்ளயே பண்ணும்மா. இருபது நிமிஷம்தானாம்" என்றார். கடைசியில் சித்தியை ஓட வைத்தது அப்பாதான். இந்த வேடிக்கையை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வீடியோவில் ஒரு பெண் என்ன பாஷை என்றே தெரியாத பாஷையில் கத்துவாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சித்தி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து ஆரம்பித்தால், சோறு பதமாவதற்குள் முடித்துவிடுவாள். முதலில் நின்ற இடத்திலேயே ஓட்டம், முழங்கால் இடுப்புக்கு வர வேண்டும். மூச்சு இரைக்கும்போதே அம்மிக்குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருப்பாள். அதை இறக்கி வைத்ததும் கையையும் காலையும் விரித்துக் குதிப்பாள். அதற்குப் பிறகு தண்டால். அதில் அவள் முதுகில் உட்கார்வது என் வேலை. மறுபடி ஓட்டம். நடுவில் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, அதுதான் சூட்சுமம் என்பாள். துண்டில் சுற்றிய குழவியைத் தோளில் வைத்து எறிகிற மாதிரி தள்ளிப் பார்ப்பாள், எறிய மாட்டாள். எறிந்தால் சுவர் என்ன ஆவது!

நைட் ஷிப்ட் வாரத்தில்தான் கஷ்டம். உள்ளே அப்பா தூங்க, கூடத்தில் குதிக்க வேண்டும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை வளைத்து, உடம்பு முழுவதையும் தொடையில் வாங்கிக்கொள்வாள். பூனை குதித்தால்கூட கொஞ்சம் சத்தம் கேட்கும், சித்தி குதித்தால் கேட்காது. நான் குதித்துப் பார்த்தால் தொப்பென்று விழும். "தரைக்கு வலிக்கக் கூடாதுடி" என்று கிசுகிசுத்து என்னைத் திரும்பக் குதிக்கச் சொல்வாள். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவைப் பார்த்து, உன் தங்கச்சி ஊருக்குப் போய்விட்டாளா, ஆள் நடமாட்டமே தெரியவில்லையே என்று கேட்டாள். அன்றைக்கு சித்திக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். இளைப்பதற்கு மட்டும் இல்லை, தேர்வுக்கும்தான் என்று தெரிந்தே தினமும் ஒரு முட்டையை அவித்து, அப்பா கண்ணில் படாமல் சித்தியின் சோற்றுக்குள் புதைத்து வைப்பாள். "எங்க வூட்ல ஒருத்தியாவது காக்கிச் சட்டை மாட்டிகினு நிமுந்து நிக்கட்டும்" என்று அவள் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவை வெறும் ராட்சசி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் ராட்சசியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரியாது.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது முறை வந்தாள். சித்தியை எழுந்து நிற்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். "இப்பதான் பொண்ணு பொண்ணாட்டம் இருக்குது" என்று நெட்டி முறித்தாள். ஓடுவதற்காகச் செதுக்கிய உடம்பு, மணையில் உட்காருவதற்குப் பொருத்தம் என்று தேறிவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு கடலூரிலிருந்து அழைப்பும் வந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் உடல் தகுதித் தேர்வு.

அப்பா ஒரே பேச்சில் முடித்தார். "பரீட்சை எழுதின வரைக்கும் சரிம்மா. டவுசர் போட்டுக்கிட்டு கிரவுண்டுல ஓடப்போறேன்னா, சம்பந்தி வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" அப்பா டூட்டிக்குக் கிளம்பிய பிறகு அம்மா சித்தியின் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ கம்முனு இரு. அன்னிக்கு அவருக்கு நைட் ஷிப்டு. அவரு வர்றதுக்குள்ள மொத பஸ்ஸுல நானே ஏத்தி வுடுறேன். ஓடி முடிச்சிட்டு வந்து நில்லு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரகசியம் என்னையும் நம்பிச் சொல்லப்பட்டது, நான் மூச்சுவிடவில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா திரும்ப வந்தாள். சித்தி மந்தாரக்குப்பத்துக்குக் கான்வாஸ் ஷூ வாங்கப் போயிருந்தாள். எனக்கு ஒரு பெரிய சாக்லெட் கிடைத்ததால் நான் நகரவில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஊரு பூரா தெரிஞ்சிபோச்சிம்மா. ஓட்டப் பந்தயம் ஓடுற பொண்ணு எங்களுக்கு வேணாம். நலங்க முன்னாடியே வெச்சிடுங்க. இல்லையா, வேற எடம் பாத்துக்குங்க" என்றாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள். நான் சாக்லெட் காகிதத்தை நகத்தால் நீவி மினுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவதுதான் நலங்கு. வழக்கமாகக் கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வைப்பார்கள். நலங்கு வைத்துவிட்டால் தாலி ஏறும்வரை பெண் வாசல்படி தாண்டக் கூடாது. தாண்டினால் வீட்டுக்கு ஆகாது.

தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி, அப்பா டூட்டிக்குக் கிளம்பிப் போனதும், அம்மா சித்தியைத் தலைக்குக் குளித்துவரச் சொன்னாள். "நாளைக்கு நல்ல காரியமா போற. பெரியவங்க நாலு பேரு ஆசீர்வாதம் பண்ணட்டும், வந்து ஒக்காரு." சித்தி சிரித்துக்கொண்டேதான் வந்து மணையில் உட்கார்ந்தாள். ஷூவை வைத்த பை கதவோரம் தயாராக இருந்தது. திருநீறு பூசுவார்கள் என்று நினைத்து நெற்றியைக்கூட நிமிர்த்திக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு உள்ளே வந்து, இரண்டு கன்னத்திலும் ஒரே இழுப்பாக இழுத்தாள். கீழ்வீட்டு அக்கா குலவை போட்டாள்.

சித்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் மஞ்சள் பட்டுவிட்டது, அதனால்தான் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்து நான் துண்டெடுக்க ஓடினேன். நான் வருவதற்குள் அம்மாவும் குனிந்து அவள் கைகளில், குழவி தூக்கிக் காய்த்துப்போன அந்த உள்ளங்கைகளில், மஞ்சளைப் பூசிக்கொண்டிருந்தாள். அம்மாதான் அதிகம் அழுதாள். தங்கை பிரியப் போகிறாள், அழமாட்டாளா என்று வந்தவர்கள் தேற்றினார்கள்.

எல்லோரும் போன பிறகு சித்தி எழுந்து பையை எடுத்தாள். அம்மா தடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை, கத்தவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னாள். "போறதுன்னா போ. நலங்கு வெச்ச பொண்ணு படி தாண்டினா என்னா ஆவும்னு உனுக்கே தெரியும். மைன்ஸ்ல அந்தப் பள்ளத்துல நின்னுகினு கீறாரு உன் மாமா. அவுருக்கு எதனா ஒண்ணு ஆனா, எம் புள்ள மூஞ்சிய நீ பாப்பியா?"

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் பூட்டே இல்லாமல் கதவை எப்படிப் பூட்டுவார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் பள்ளி விடுமுறை. நான் எழுந்தபோது முதல் பஸ் போய் வெகு நேரமாகியிருந்தது. சித்தி காய்ந்த மஞ்சளோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கதவோரம் இருந்த பையைப் பார்த்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று என்றுமில்லாத பாசத்தோடு கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அம்மா அடுப்பில் உலை வைத்தாள்.

அப்போது சித்தி எழுந்தாள். ஜமக்காளம் விரிக்கவில்லை, வீடியோ போடவில்லை. கூடத்தின் நடுவில் நின்று குதித்தாள். முன்பாதத்தில் அல்ல, முழுப் பாதத்தில், முழு உடம்போடு. தொம்மென்று விழுந்த சத்தத்தில் அலமாரித் தட்டுகள் கிலுகிலுத்தன. மறுபடி குதித்தாள். மறுபடியும். கீழ்வீட்டிலிருந்து ஒட்டடைக் கோலால் இடித்தார்கள். அப்பா லுங்கியைப் பிடித்தபடி எழுந்து வந்து அறை வாசலில் நின்றார். சித்தி அவரைப் பார்த்துக்கொண்டே குதித்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, அவள் நிறுத்தவில்லை. மஞ்சள் வியர்வையில் கரைந்து தரையில் சொட்டியது.

எனக்கானால் கொண்டாட்டம். அடுத்த வாரம் கல்யாணம், எனக்குப் பட்டுப்பாவாடை, வீட்டில் முதல்முறையாக அப்பா தூங்கும்போது சத்தம் போடலாம். கரண்டியோடு வந்து நின்ற அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "சித்திக்கு அவ்ளோ சந்தோஷமாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி" என்றாள் அம்மா. "நீயும் போய்க் குதி."

நானும் போய் சித்தியின் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டு குதித்தேன்.