தொட்டி நிழலுக்குக் கல் வைத்தவர்

தொண்ணூறுகளில் அபுதாபிப் பக்கம் அல் ஐனுக்கு வெளியே இருந்த எங்கள் சைட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். அதில் ஒரு பாய் அகலத்துக்குச் சொந்தம் கொண்டாடியவர் எங்கள் கேம்ப் வாட்ச்மேன். ராமநாதபுரத்துக்காரர். வழுக்கைத் தலையில் ஈரத்துண்டு, மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம். எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து இறங்கியவர், தண்ணீர்த் தொட்டியின் மதிய நிழலைச் சுற்றிக் கல் வைத்துவிட்டார்.

உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அவருக்கு ஊறுகாய் கொடுக்க வேண்டும். நார்த்தங்காய்க்கு உட்காரலாம். வடுமாங்காய் என்றால் சாப்பிட்டுவிட்டுப் படுத்தும் கொள்ளலாம்.

ஒருநாள் கம்பெனி லாரி வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் மதியம் பார்த்தால், கொளுத்தும் வெயிலில், கற்களுக்கு நடுவே அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நெழலுதான் கலாஸ் ஆயிருச்சே!" என்றேன்.

"நெழலு கம்பெனியோடது தம்பி, அவன் கொண்டு போயிட்டான். எடம் என்னோடதுல்ல?"

சொல்லிவிட்டு என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன ஊறுகா?"

சுற்றிலும் அவ்வளவு மணல் சும்மா கிடந்தது. ஆனாலும் வடுமாங்காயை அவர் தட்டில் வைத்துவிட்டு நான் ஏன் உள்ளே போய் உட்கார்ந்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மணல் சுட்ட சூட்டில் படுக்க மட்டும் முடியவில்லை.