இடது பூட்ஸில் ஓர் ஆணி குறைவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசுக்குப் பயந்தவள் இல்லை. சுடுகாட்டு வழியாகத்தான் வேலைக்குப் போவேன். எங்கள் தெருவுக்கு மந்திரிக்க வருகிறவனோடு வாய்ச்சண்டை போட்டு விரட்டினவளும் நான்தான். நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பது தெரிகிறது. சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

என் அப்பா ஜெர்மன் சண்டைக்குப் பஸ்ரா வரைக்கும் போய்வந்தவர். தெருவில் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் திரும்பி வந்தபோது அம்மா செத்து ஆறு மாதம், எனக்கு ஐந்து வயது. இன்னொரு கல்யாணம் பேச வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குத் தலை பின்னுவது அவர், சோறு ஊட்டுவது அவர். சாயங்காலமானால் பட்டாளத்து பூட்ஸை மாட்டிக்கொண்டு, அதன்மேல் என் இரண்டு காலையும் ஏற்றி நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் நடப்பார். நான் 'ஹால்ட்' என்றால்தான் நிற்பார். ஒரு நாள் விஷமத்துக்கு வாயை மூடிக்கொண்டேன். மனுஷன் விளக்கு வைக்கிற வரைக்கும் நடந்தார், குதிகால் கொப்பளித்து ரத்தமே வந்துவிட்டது. நான் அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் நின்றார்.

"நீ சொல்லாம எப்படி நிக்கிறது கண்ணு?" என்றார்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு சாயபுவின் தோல் மண்டியில் அவருக்கு வாசல் காவல். நான் பெரியவளானதும் அங்கேயே ஆவாரம்பட்டை இடிக்கப் போனேன். தோல் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டைத் தண்ணீரில் ஊறின ஈரத்தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் மை கொட்டினதுபோல் கறுத்துவிடும், என்ன தேய்த்தாலும் போகாது, தோல் வீண். அதனால் ஆணி அடித்த பூட்ஸோடு அப்பா ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வாசலிலேயே கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் வருவார்.

மேஸ்திரி முனிரத்தினத்துக்கு அவரைக் கண்டால் ஆகாது. சீட்டு இல்லாமல் அவன் வெளியே கடத்தப் பார்த்த தோல்கட்டு ஒன்றை அப்பா வாசலிலேயே மடக்கிவிட்டார். அதற்கடுத்த வாரம் சாயபுவின் முதல்தரத் தோல்கள் இருபதில் பூட்ஸ் தடம், கருகருவென்று. இடது குதிகாலில் ஓர் ஆணி குறைவு. அப்பாவின் இடது பூட்ஸிலும் அந்த ஆணி கிடையாது, அது பஸ்ரா சேற்றிலேயே போய்விட்டது. அவர் என்ன சொல்லியும் சாயபு நம்பவில்லை, வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அந்த முனிரத்தினம் அதோடு விட்டானா? பூட்ஸை அப்பா கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக நடக்கவிட்டான்.

வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைத் துடைத்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்தார். பதினோராம் நாள் போய்விட்டார். கடைசியாகச் சொன்னது, "நான் உள்ள பூட்ஸ் போடலம்மா."

நான் அங்கேயேதான் வேலைக்குப் போனேன். வயிறு ஒரு காரணம். அவன் நாசமாய்ப் போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாம் வாரம் ஒரு காலை, பாலிஷ் போடலாம் என்று பெட்டியைத் திறந்தால் பூட்ஸ் இரண்டும் ஈரம். பட்டைச்சாறு வாடை. அன்றைக்கு மண்டியில் முனிரத்தினம் பார்க்கும் தொட்டியிலிருந்து எடுத்து வாசலிலிருந்து வரிசையாக விரித்ததில் முதல் தோலில் ஒரு தடம், ஓர் ஆணி குறைவு. மறுநாள் அடுத்த தோலில். வாசல் பக்கத்தில் ஆரம்பித்து, தினம் ஓர் எட்டாக அவன் உட்காரும் பலகையைப் பார்த்து வந்தது. சாயபு என்னைத்தான் சந்தேகப்பட்டார். பெட்டிக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு வாரம் வைத்திருந்தார். தடம் நிற்கவில்லை. பூட்டைத் திறந்து பார்த்தவர் பூட்ஸைத் தொட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பூட்டை எடுத்த பிறகு நான் தினமும் காலையில் அதைத் துடைத்து, பளபளவென்று பாலிஷ் போட்டு வைத்தேன். அப்பாவை வேலைக்கு அனுப்புகிற மாதிரி இருந்தது.

தடம் பலகை வரைக்கும் வந்த மறுநாள் தோல்களில் ஒன்றுமில்லை. எல்லோரும் அப்பாடா என்றார்கள். உச்சிவெயிலில் முனிரத்தினம் அலறிக்கொண்டு சட்டையைக் கிழித்தான். பதினைந்து வருஷம் தொட்டியில் இறங்கினவன் உடம்பும் பாதி தோல்தானே, எங்கள் கை இரும்பைத் தொட்டாலே கறுக்கும். அவன் வயிற்றில் கறுப்பாக ஒரு குதிகால். ஓர் ஆணி குறைவு. முப்பது பேர் பார்த்தோம்.

"நாந்தான் சாயபு," என்று அவர் காலில் விழுந்தான். "வாசல்ல கழட்டி வெச்சிருந்த பூட்ஸ எட்த்துப்போய் நாந்தான் அழுத்தனேன்."

சாயபு அன்றே என் வீட்டுக்கு வந்து, தெருவே கேட்க, பட்டாளத்தார்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு அழுதார். என் அப்பாவின் பெயர் திரும்பி வந்தது. அதோடு முடிந்திருக்கலாம்.

நாலு நாள் கழித்து முனிரத்தினம் தன் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். குதிகால் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. எங்கள் ஹால்ட் விளையாட்டைப் பார்க்காதவர் அந்தத் தெருவில் யார்?

"ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ சொன்னா நின்னுடுவாரு."

வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் அப்பா அவன் ஒருவன்தான். எனக்குக் கடைத்தெருதான் கண்ணில் நின்றது. "நான் ஏன் சொல்லணும்?" என்று கதவைச் சாத்தினேன்.

கலவை என்கிற ஊரில் அவன் அக்கா வீட்டில் செத்தான் என்று மறுமாதம் சேதி வந்தது. குளிப்பாட்டினவர்கள் தொண்டையில் தடத்தைப் பார்த்தார்களாம். நான் பெட்டியைத் திறந்து, போதும் அப்பா என்று நினைத்துக்கொண்டு, "ஹால்ட்" என்றேன்.

அந்த மண்டியை மூடி வெகுகாலம் ஆகிறது, தொட்டிகளில் எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கிறது. அப்பா என் சொல்லை ஒரு நாளும் தட்டினவர் இல்லை. நானும் தினம் காலையில் பெட்டியைத் திறந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கும் சொன்னேன். பூட்ஸ் ஈரமாகத்தான் இருந்தது.